பெரிசா ஓடாத கோச் ஓட்டம் சொல்லித்தர முடியுமா?

ஆகஸ்ட் 24, ஒரு வாசகரின் கேள்வி

மகள் பள்ளியில் கடைசி வருஷம். கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடு பள்ளத்தில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) 5 கிலோமீட்டரை 19 நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடுகிறாள். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளின் கோச்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஒலிம்பிக் டிரையல்ஸ் (ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) வரை ஓடியவர். கல்லூரிப் பக்கத்தில் அவர் ஓடிய நேரங்களே அரைப் பக்கம் இருக்கிறது. இன்னொருவர் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். அவர் ஓடியதாகப் பெரிதாக எதுவும் போடவில்லை. முதல் ஆளிடம் அனுப்புவதுதானே புத்திசாலித்தனம்? தானே ஓடாதவர் எப்படி ஓடச் சொல்லித்தருவார்?

ஆகஸ்ட் 24, இரவு

சொல்லித்தருவார். கல்லூரி கிராஸ் கன்ட்ரியில பேர் வாங்கின கோச்களை வரிசையா எடுத்துப் பாருங்க, பள்ளிக்கூட வாத்தியாருங்க நிறையவே தட்டுப்படுவாங்க.

ஜோ விஹீல்னு ஒருத்தர். கொலராடோ மலைக்குள்ள அலமோசாங்கிற சின்ன ஊர். அங்கே ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரிக்கு 60-கள்ல கோச்சா வந்தார். அவர் படிக்கிற காலத்துல விளையாடினது அமெரிக்கன் ஃபுட்பால். அதே ஊர்ப் பள்ளியில பாடம் எடுத்துக்கிட்டு இருந்த ஆள். அவர் கையில அந்தக் கல்லூரி 19 தேசியப் பட்டம் வாங்கிச்சு. 1992-ல டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டுல மூணு பிரிவு, 1-தான் மேல்மட்டம்) ஆண்கள் போட்டியில முதல் அஞ்சு இடமும் அவர் பசங்களுக்கே. மொத்தம் 15 புள்ளி.

மீதி நாளைக்கு. தூக்கம் வருது.

ஆகஸ்ட் 25

15 நல்லதா கெட்டதான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அதுக்குக் கீழே போகவே முடியாது. ஒரு அணிக்கு ஏழு பேர் ஓடுவாங்க. முதல் அஞ்சு பேர் எந்த எந்த இடத்துல வந்தாங்களோ அதைக் கூட்டணும். கூட்டல் குறைஞ்ச அணி ஜெயிக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு: கூட்டினா 15. ஆறாவது ஏழாவது ஆளுக்குப் புள்ளி இல்ல. ஆனா எதிரணியோட அஞ்சாவது ஆளுக்கு முன்னாடி புகுந்துட்டா அவங்க கணக்கு ஏறிடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, கோச் பின்னணிப் பேச்சுக்கு இதுதான் அடிப்படை. ஒரு அணியில முதல் ஆள் ரெண்டாவதா வந்தாலும் பன்னிரண்டாவதா வந்தாலும் பத்துப் புள்ளிதான் வித்தியாசம். அஞ்சாவது ஆள் கடைசி ஒரு கிலோமீட்டர்ல துவண்டார்னா பெரிய போட்டியில ஐம்பது, அறுபது பேர் அவரைத் தாண்டிடுவாங்க. நடுக்கூட்டத்துல அவ்வளவு நெருக்கம். அதனால கோச்சோட உழைப்பு மொத்தமும் நாலாவது அஞ்சாவது ஆள் மேலதான் போகும். வாழ்நாள் பூரா முன்னாடியே ஓடினவருக்கு அந்த நெரிசல் எப்படி இருக்கும்னு தெரியுமா? சிலருக்குத் தெரியும். சிலர் தெரிஞ்சுக்கவே இல்ல.

ஆகஸ்ட் 27

"விஹீல் டாக்டரேட் வாங்கினவர், அவரை வாத்தியார் கணக்குல சேர்க்காதீங்க"ன்னு ஒரு பதில். டாக்டரேட் உண்மைதான், உடற்பயிற்சி உடலியல்ல. ஆனா அது என் கட்சிக்குத்தான் பலம். ஓடித் தெரிஞ்சுக்காததைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டார். பின்னாடி அவர்கிட்ட பயிற்சி எடுத்த டீனா காஸ்டர் 2004 ஏதென்ஸ்ல மராத்தான் வெண்கலம் வாங்கினாங்க.

டாக்டரேட் இல்லாத ஆளா வேணுமா? மார்க் வெட்மோர். நியூ ஜெர்சியில பள்ளிப் பசங்களை ஓட வச்சுக்கிட்டிருந்தவர். ஓட்டக்காரரா ஊர் அறிஞ்ச பேர் இல்ல. 90-களோட தொடக்கத்துல கொலராடோ பல்கலைக்கழகத்துல போய்ச் சேர்ந்தது வாலன்டியர் அசிஸ்டன்டா. அதாவது சம்பளம் கிடையாது. 1995-ல ஹெட் கோச். அப்புறம் ஆண்கள் பட்டம் 2001, 2004, 2006, 2013, 2014; பெண்கள் பட்டம் 2000, 2004, 2018. தனிநபர் பட்டமும் ரெண்டு பக்கமும் வந்தது: 1998-ல ஆடம் கௌச்சர், 2000-ல காரா (பின்னாடி காரா கௌச்சர்). இந்த நாலு வகையையும் ஒரே கோச் வாங்கினது அவர்தான் முதல்.

எதிர்க்கட்சி வாதத்தையும் நானே வச்சுடறேன், இல்லாட்டி நாளைக்கு யாராவது கொண்டுவந்து என் தலையில போடுவீங்க. எட் ஐஸ்டோன், 1984 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தற அமைப்பு) கிராஸ் கன்ட்ரி தனிநபர் சாம்பியன். 1988, 1992 ரெண்டு ஒலிம்பிக்லயும் மராத்தான் ஓடினவர். படிச்ச பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கே கோச்சா வந்து 2019, 2024 ஆண்கள் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அவர் வளர்த்த கானர் மான்ட்ஸும் கிளேட்டன் யங்கும் 2024 பாரிஸ் மராத்தான்ல எட்டாவது, ஒன்பதாவது. ஓரிகான்ல பில் டெலிஞ்சர், 1964 டோக்கியோ 5,000 மீட்டர்ல வெண்கலம். கோச்சா 1971, 1973, 1974, 1977 பட்டங்கள்.

ஆகவே "ஓடினவன் கோச் ஆகாதே"ன்னு நான் எழுதினதா யாரும் படிக்க வேண்டாம்.

செப்டம்பர் 1

"பேர் பெத்த ஆளுங்க கதை போதும், நீங்க யார்கிட்ட ஓடினீங்க"ன்னு கேட்டிருக்கீங்க.

டிவிஷன் 3. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாத பிரிவு. ஏழு பேர் பட்டியல்ல நான் வந்ததே எப்பவாவது, யாருக்காவது காய்ச்சல் வந்தா. ரெண்டு கோச்கிட்ட ஓடியிருக்கேன்.

முதல் ஆளுக்கு முப்பது வயசு ஆகல. டிராக்ல தேசிய அளவுல ஓடினவர், ஓட்டத்தை அப்பத்தான் நிறுத்தியிருந்தார். நிறுத்தினார்னு பேர்தான், தினமும் எங்களோடயே ஓடுவார். எங்களுக்கெல்லாம் அதுல ஒரு பெருமை. ஈஸி ரன் அன்னிக்கு அவர் கதை சொல்லிக்கிட்டே போவார், நாங்க "ம்" கொட்டக்கூட மூச்சு இல்லாம பின்னாடி போவோம். அவருக்கு ஈஸி. எங்களுக்கு அது ரேஸ். அக்டோபர் வர்றதுக்குள்ள அணியில பாதிப் பேர் ஜிம்ல நிக்கிற சைக்கிளை மிதிச்சுக்கிட்டு இருந்தோம். எனக்குக் கீழ்க்கால் முன்னெலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். வலிக்குதுன்னு முதல் தடவை சொன்னப்ப, "எனக்கும் இங்க வலிக்கும், ரெண்டு மைல் போனா விட்டுடும்"னார். பொய் சொல்லல. அவர் எலும்புக்கு விட்டிருக்கும்.

அவர் வேற வேலைக்குப் போனதும் வந்தவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பள்ளியில வரலாறு எடுத்தவர். சின்ன வயசுல மல்யுத்தம். நல்ல தொப்பை. கழுத்துல ரெண்டு ஸ்டாப்வாட்ச் தொங்கும். முதல் வாரம் பயிற்சியே சரியா ஆரம்பிக்கல. ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிட்டு, பழைய ஓட்டக் குறிப்பு நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு விசாரணை. தூக்கம் எத்தனை மணி நேரம், பரீட்சை எந்த வாரம், காயம் வந்த வாரத்துக்கு முந்தின ரெண்டு வாரம் என்ன பண்ணினே. என் நோட்டைப் பார்த்துட்டு, "உனக்கு வேகத்துல பிரச்சினை இல்ல, நீ ஞாயித்துக்கிழமை நல்லா ஓடிட்டா திங்கக்கிழமையும் சும்மா இருக்க மாட்டேங்கிற, அதான்"னார். என் நோட்டு, நான் எழுதினது, எனக்கே தெரியாதது.

அந்த சீசன்ல எங்க அணியில சைக்கிள் மிதிச்சவங்க ரொம்பக் கொஞ்சம்.

செப்டம்பர் 2

நேத்து எழுதினதைக் காலையில படிச்சேன். சினிமாக் கதை மாதிரி வேகமான ஆள் வில்லன், தொப்பை வாத்தியார் நாயகன்னு ஆகிடுச்சு. நடந்தது அவ்வளவு நேர்க்கோடு இல்ல.

முதலாமவருக்கு அதுதான் முதல் ஹெட் கோச் வேலை. ரெண்டாமவர் அதுக்கு முன்னாடியே பள்ளியில முப்பது வருஷம் பசங்க ஓடறதைப் பார்த்தவர். அவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தி "ஓடினவர், ஓடாதவர்"னு பிரிக்கிறது நியாயமே இல்ல. அங்கே இருந்த வித்தியாசம் அனுபவம். அதுவும் அடுத்தவன் காலைப் பார்த்த அனுபவம். முதலாமவர் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு ஜோடிக் காலைத்தான், அவரோடதை.

இன்னொண்ணு. சரிவுல பிரேக் போடாம எப்படி இறங்கணும், ஆரம்பத்துல பாதை குறுகுற இடத்துக்கு முன்னாடி எவ்வளவு வேகமாப் போய் இடம் பிடிக்கணும், முட்டிக்கிட்டு ஓடற கூட்டத்துல முழங்கையை எங்க வச்சுக்கணும், இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது அந்த இளம் கோச்தான். வாத்தியார்கிட்ட ரேஸ் தந்திரம்னு கேட்டா "பொறுமையா ஆரம்பி"ம்பார். அவ்வளவுதான், கடைசி வரைக்கும் அதே வசனம். என்னோட பெஸ்ட் டைம் வந்ததும் கால் உடையறதுக்கு முன்னாடி, இளம் கோச் காலத்துல.

இப்ப அந்த இளம் கோச்சுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வேற கல்லூரியில இருக்கார்னு கேள்வி. இன்னிக்கு அவர்கிட்ட என் பிள்ளையை அனுப்புவேனான்னா, பதினஞ்சு வருஷம் அவர் மத்தவங்க காலைப் பார்த்திருந்தா, கண்ணை மூடிக்கிட்டு.

செப்டம்பர் 6

"கோச்சுன்னா முழு நேர வேலையா இருக்கணும், இல்லாட்டி சுத்த வேஸ்ட்"டுன்னு ஒருத்தர்.

வில்லனோவா பல்கலைக்கழகத்துல ஜம்போ எலியட். கட்டுமான இயந்திரங்கள் விக்கிற கம்பெனி நடத்தினவர். பகல்ல வியாபாரம், சாயங்காலம் டிராக். 1966, 1967, 1968, 1970 என்சிஏஏ ஆண்கள் கிராஸ் கன்ட்ரிப் பட்டம் அவர் அணிக்கு. 1956 மெல்போர்ன்ல 1,500 மீட்டர் தங்கம் வாங்கின ரான் டெலானி அவர் வளர்ப்புதான். அந்தக் காலம் வேற, இந்தக் காலம் வேறதான். இப்ப ரெக்ரூட்டிங் மெயிலுக்குப் பதில் போடவே ஒரு ஆள் வேணும். ஆனாலும் "சுத்த வேஸ்ட்"டுன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு புல்டோசர் வியாபாரி நாலு பட்டம் வாங்கினதை ஞாபகம் வச்சுக்கங்க.

செப்டம்பர் 13

மகளுக்காகக் கேட்ட கேள்வி, இவ்வளவு நேரமும் ஆம்பளைங்க பேரையே அடுக்கிட்டிருக்கேன்னு வீட்ல ஒரு குரல். வாஸ்தவம்.

டிவிஷன் 1 பெண்கள் தேசியப் பட்டம், 2020-லேர்ந்து 2024 வரை அஞ்சு. அந்த அஞ்சும் பெண் கோச்கள் நடத்தின அணிகளுக்கே போச்சு. 2021, 2022, 2023 நார்த் கரோலினா ஸ்டேட், லாரி ஹெனஸ். 2020-உம் 2024-உம் பிரிகம் யங், தில்ஜீத் டெய்லர். (2020 போட்டி கோவிட்டால தள்ளிப்போய் 2021 மார்ச்ல நடந்தது. அதுக்காக என்னைத் திருத்த யாரும் கிளம்ப வேண்டாம்.)

இவங்க ரெண்டு பேரோட பின்னணியும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ஹெனஸ் 1991-ல 10,000 மீட்டர் என்சிஏஏ சாம்பியன். ஓடினது நார்த் கரோலினா ஸ்டேட்டுக்கு, அங்கேயே அசிஸ்டன்டா சேர்ந்து, அங்கேயே வருஷக்கணக்கா இருந்து, அங்கேயே ஹெட் கோச். ஒரே வீட்டுல பொறந்து, வாழ்ந்து, அந்த வீட்டுக்கே பெரியவங்க ஆன மாதிரி. டெய்லர், பஞ்சாப்லேர்ந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்த குடும்பத்துப் பொண்ணு. கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தோட ஸ்டானிஸ்லாஸ் வளாகத்துல, அதாவது டிவிஷன் 2-ல, நடுத்தூரம் ஓடினவங்க. மென்லோங்கிற சின்னக் கல்லூரியில கோச், அப்புறம் தான் படிச்ச கல்லூரியில கோச், 2016-ல பிரிகம் யங். அது மார்மன் திருச்சபையோட பல்கலைக்கழகம். அவங்களுக்கு அந்தச் சபையோட பிறப்பு உறவு எதுவும் கிடையாது. வெளியாளா உள்ளே போய், அந்தப் பெண்கள் அணிக்கு 2002-க்கு அப்புறம் வராத பட்டத்தை வாங்கினாங்க.

ஒருத்தர் உள்ளேயே வளர்ந்தவர், ஒருத்தர் சின்ன இடங்கள்லேர்ந்து ஏறி வந்தவர். பொதுவா ஒண்ணு உண்டு. ரெண்டு பேரும் பெரிய அணியைக் கையில வாங்கறதுக்கு முன்னாடி, யாரும் கவனிக்காத வருஷங்கள் நிறைய.

கூடவே கசப்பான ஒரு கணக்கு. பெண்கள் விளையாட்டுக்குச் சம உரிமை கொடுத்த டைட்டில் நைன் சட்டம் 1972-ல வந்தப்ப, கல்லூரிப் பெண்கள் அணிகளோட கோச்கள்ல 90 சதவீதத்துக்கு மேல பெண்கள். சட்டம் வந்து, பணம் வந்து, சம்பளம் வந்ததும் ஆண்கள் வரிசையா நுழைஞ்சாங்க. பெண்களோட பங்கு பாதிக்கும் கீழே போயிடுச்சு. எல்லா விளையாட்டும் சேர்ந்த கணக்கு இது.

செப்டம்பர் 14

நேத்தைய குறிப்புக்குக் கீழே "பெண் கோச் இருந்தா மட்டும் போதுமா"ன்னு கேட்டவருக்கு: போதாது. ஆனா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, அது ஆண் கோச்சோ பெண் கோச்சோ ரெண்டு பேருக்கும்.

நான் மேலே பட்டங்களை அடுக்கின கொலராடோவுல, வீராங்கனைகளோட உடல் கொழுப்பை அளக்கிற முறை பத்திப் புகார் வந்து, பல்கலைக்கழகமே விசாரிச்சு 2023-ல அறிக்கை விட்டது. அந்த அளவெடுப்பு பலரை மோசமாப் பாதிச்சதா அறிக்கை சொல்லுச்சு. எட்டுப் பட்டம் வாங்கின அணியிலதான் இது. பட்டத்தை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தா இது எங்கே தெரிஞ்சிருக்கும்?

ஓடற அளவுக்குச் சாப்பிடலைன்னா மாதவிடாய் நின்னுபோறது, எலும்பு பலம் குறையறது, அடிக்கடி எலும்புல விரிசல் விழறது எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சது. ஆம்பளைப் பசங்களுக்கும் வரும். கோச்கிட்ட நேரா கேளுங்க: எடை பார்ப்பீங்களா? பார்த்தா யார் பார்ப்பாங்க, அந்த எண் யார் கைக்குப் போகும்? அணிக்குன்னு உணவு ஆலோசகர் இருக்காரா? "எங்க பொண்ணுங்க எல்லாம் ஒல்லியா, கச்சிதமா இருப்பாங்க"ன்னு பெருமையா பதில் வந்தா, நன்றி சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. எத்தனை ஒலிம்பிக் டிரையல்ஸ் ஓடியிருந்தாலும்.

செப்டம்பர் 21

யாரும் இன்னும் தொடாத ஒரு விஷயம். நீங்க படிச்ச அந்த அரைப் பக்கம் யாரோடது?

பெரிய கல்லூரிகள்ல "டிராக் அண்ட் ஃபீல்ட், கிராஸ் கன்ட்ரி டைரக்டர்"னு ஒருத்தர் இருப்பார். அவர் ஓடினது 400 மீட்டர் தடை ஓட்டமா இருக்கலாம், குண்டு எறிஞ்சவரா இருக்கலாம். உங்க மகளுக்குத் தினமும் ஒர்க்கவுட் எழுதறவர் அவருக்குக் கீழே இருக்கிற தூர ஓட்ட அசிஸ்டன்ட். அந்த அசிஸ்டன்ட் நல்லா வேலை செஞ்சார்னா ரெண்டு வருஷத்துல வேற கல்லூரி தூக்கிட்டுப் போயிடும். மகள் சேர்றது ஒரு கோச்கிட்ட, முடிக்கிறது இன்னொருத்தர்கிட்ட. இது ரொம்ப சகஜம். சில ஊர்ல ஆள் மாறினாலும் அணி தாங்கும்: நார்தர்ன் அரிசோனா 2016-ல எரிக் ஹைன்ஸ் கையில முதல் ஆண்கள் பட்டம் வாங்கிச்சு, அவர் கிளம்பிட்டார், ஜார்ஜ்டவுன்லேர்ந்து மைக் ஸ்மித் வந்து 2017, 2018, 2020, 2021, 2022 வாங்கினார். எல்லா ஊரும் அப்படி இல்ல.

சிறு அணியில அது தலைகீழ். ஹெட் கோச்தான் எல்லாம். வேன் ஓட்டறவரும் அவர்தான்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போறேன், பொறுத்துக்கங்க. வெட்மோர் மாதிரி சம்பளமில்லாத வாலன்டியரா நுழையற வழி டிவிஷன் 1-ல 2023-லேர்ந்து இல்ல. அந்தப் பதவியையே எடுத்துட்டாங்க, இப்ப சம்பளம் கொடுக்கலாம். நல்லதுதான். சம்பளமில்லாம சில வருஷம் தாக்குப்பிடிக்க வசதி உள்ளவங்கதான் அந்த வாசல்ல நிக்க முடிஞ்சது. ஸ்காலர்ஷிப் கணக்கும் மாறிடுச்சு. முன்னாடி டிவிஷன் 1-ல டிராக், கிராஸ் கன்ட்ரி ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரி கொடுக்கலாம்னு இருந்த முழு ஸ்காலர்ஷிப் ஆண்களுக்கு 12.6, பெண்களுக்கு 18. (அந்த 0.6 ஆள் யாருன்னு நாங்க கல்லூரியில ரொம்ப நாள் தேடினோம்.) 2025-26-லேர்ந்து, வீரர்களுக்குக் கல்லூரியே நேரா பணம் கொடுக்கலாம்ங்கிற புது ஏற்பாட்டுல சேர்ந்த கல்லூரிகள்ல கிராஸ் கன்ட்ரி அணிக்கு 17 பேர்தான் உச்சவரம்பு. 19 நிமிஷம் ஓடற பொண்ணை மெதுவா வளர்த்தெடுக்க அங்கே இடம் சுருங்கிப்போச்சு. அப்ப அந்த மாதிரி ஓட்டக்காரங்களை வளர்க்கத் தெரிஞ்ச கோச் எங்க இருக்கார்னு பார்த்தா, டிவிஷன் 3 பக்கம் கண்ணைத் திருப்பணும். இலினாய் மாநிலத்துல நார்த் சென்ட்ரல் கல்லூரி, ஆல் கேரியஸ். 1966-ல வந்தவர், அரை நூற்றாண்டுக்கு மேல அதே கல்லூரியில இருந்தவர், 19 டிவிஷன் 3 பட்டம். அவர் அணியோட தாரக மந்திரமே சந்தோஷத்துக்காக ஓடு, உன் சொந்த பெஸ்டுக்காக ஓடுங்கிறதுதான்.

செப்டம்பர் 29

"ஓடாதவங்களுக்கு இந்த ஞானம் எங்கேயிருந்துதான் வருது?" நல்ல கேள்வி. அடுத்தவங்ககிட்டேயிருந்து. கோச்களுக்கு வம்சாவளி உண்டு.

நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்ட்னு செருப்புத் தொழிற்சாலையில வேலை பார்த்த ஒருத்தர், தன் உடம்பையே சோதனைக்கூடமா வச்சு, வாரத்துக்கு நூறு மைல்னு அடித்தளம் போடற முறையைக் கண்டுபிடிச்சார். 1960 ரோம் ஒலிம்பிக்ல அவர் பசங்க பீட்டர் ஸ்னெல் 800-ல, மர்ரே ஹால்பர்க் 5,000-ல, ஒரே நாள்ல ரெண்டு தங்கம். 1962 கடைசியில ஓரிகான் கோச் பில் பவர்மன் அங்கே போய் லிடியார்ட்டைப் பார்த்துட்டு வந்தார். பவர்மனும் ஃபுட்பால் ஆடினவர், பள்ளி கோச்சா இருந்து வந்தவர். அவர்கிட்ட ஓடி, அவருக்கு அசிஸ்டன்டா இருந்து, அணியை வாங்கினவர்தான் டெலிஞ்சர். அந்தப் பக்கம் வெட்மோர் எழுதின ஞாயித்துக்கிழமை நீண்ட ஓட்டமும் லிடியார்ட் சொத்துதான். அலமோசாவுல விஹீல் விட்ட இடத்தைப் பிடிச்சது டேமன் மார்ட்டின், விஹீல்கிட்டயே ஓடினவர்.

ஊரும் ஒரு பின்னணிதான். அலமோசா கிட்டத்தட்ட 2,300 மீட்டர் உயரம், நார்தர்ன் அரிசோனா இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப் 2,100. காத்துல ஆக்சிஜன் குறைச்சல், உடம்பு சிவப்பணுவை ஏத்திக்கும். பட்டத்துல பாதி மலைக்குச் சேரணும்னு சொல்றவங்க உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், அதே மலை மேல பட்டம் வாங்காத கல்லூரிகளும் இருக்கு.

அக்டோபர் 5

கேள்வி கேட்டவர் ரெண்டு கோச்சோட அறிமுகக் குறிப்பையும் அனுப்பி "எப்படிப் படிக்கணும்"னு கேட்டிருக்கார். பேரை எடுத்துட்டுப் பேசறேன்.

முதல் குறிப்புல அவர் ஓடின நேரங்களைத் தாண்டிட்டு வாங்க. கடைசிப் பத்தியில ஒரு வரி ஒளிஞ்சிருக்கு: மூணு வருஷத்துல மூணு கல்லூரி அசிஸ்டன்ட். அது கெட்ட அறிகுறின்னு சொல்லல, அசிஸ்டன்ட் வாழ்க்கையே அப்படித்தான். ஆனா அவர் சேர்த்த பிள்ளைங்க நாலாவது வருஷத்துல எப்படி ஓடினாங்கன்னு அவரே இன்னும் பார்த்ததில்ல. ரெண்டாவது குறிப்புல பள்ளியில இருந்த காலம், இந்தக் கல்லூரியில இருந்த காலம், பயிற்சிச் சான்றிதழ், அவ்வளவுதான். பார்க்க வறட்சியா இருக்கு. ஆனா இப்ப உள்ள அணியோட பேர்ப் பட்டியலும் பழைய போட்டி முடிவுகளும் யார் வேணும்னாலும் பார்க்கலாம். முதல் வருஷம் சேர்ந்த பொண்ணுங்கள்ல நாலாவது வருஷமும் எத்தனை பேர் பட்டியல்ல இருக்காங்க? பள்ளியில அவங்க ஓடின நேரம் என்ன, கல்லூரி மூணாவது வருஷம் என்ன? பள்ளியில 5 கிலோமீட்டர், கல்லூரியில பெண்களுக்கு 6, அதனால நேரத்தை அப்படியே ஒப்பிடாதீங்க, டிராக்ல ஓடின 5,000 மீட்டரோட ஒப்பிடுங்க. பட்டியலை விட்டுக் காணாமப் போனவங்கதான் முக்கியம்.

பட்டம் இல்லையேன்னு தள்ளாதீங்க. ஆர்கன்சா பல்கலைக்கழகத்துல ஜான் மெக்டானல், அயர்லாந்து மேயோ பக்கத்து விவசாயக் குடும்பம். நல்லா ஓடினவர்தான். ஆனா கல்லூரிக்கு வர்றதுக்கு முன்னாடி நியூ ஜெர்சியிலயும் லூயிசியானாவுலயும் பள்ளி கோச். ஆர்கன்சா அணியை 1972-ல எடுத்தார். முதல் தேசியப் பட்டம் 1984. நடுவுல பன்னிரண்டு வருஷம் அவரோட அறிமுகக் குறிப்பும் வறட்சியாத்தான் இருந்திருக்கும். 2006-க்குள்ள 40 பட்டம், அதுல 11 கிராஸ் கன்ட்ரி.

அக்டோபர் 6

"அப்ப கணக்கு வாத்தியார்கிட்டயே அனுப்பச் சொல்றீங்க."

இல்ல. நான் அவரைப் பார்த்ததே இல்ல. வாத்தியாரா இருந்தவர்லயும் பசங்களைக் கத்தியே ஓட்டறவங்க உண்டு. நீங்க போய்ப் பாருங்க, சீசன் நடந்துட்டுதான் இருக்கு. ரெண்டு கல்லூரியும் ஓடற மீட்டா (போட்டியா) பார்த்து, சொல்லாமப் போங்க. கோச் எங்க நிக்கிறார்னு பாருங்க. அணியோட முதல் ஆள் போன பிறகும் அதே இடத்துல நின்னு பதினாலாவது ஆளுக்குப் பேர் சொல்லிக் குரல் கொடுக்கிறாரா, இல்ல முதல் ஆளைத் துரத்திக்கிட்டே குறுக்கே ஓடிட்டாரா? முடிஞ்சதும் மோசமா ஓடின பொண்ணுகிட்ட எப்ப போறார், என்ன முகத்தோட போறார்? மகளை அவங்க அணிப் பொண்ணுங்களோட ஒரு நாள் தங்க அனுப்பற பழக்கம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்க. கோச் ரூமுல இல்லாதப்ப அந்தப் பொண்ணுங்க அவரைப் பத்தி என்ன பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது, மகளுக்குத் தெரிஞ்சுடும். அவ சொல்றதுக்கு என் மொத்தக் குறிப்புகளையும் விட மதிப்பு கொடுங்க.

அக்டோபர் 7

மீட்டுக்கு நல்ல ஷூ போட்டுட்டுப் போகாதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன். சேறு. கோச் பின்னாடி ஓடிப்போய் பார்க்கப்போறீங்கன்னா நீங்களும் ஒரு கிராஸ் கன்ட்ரி ஓடவேண்டி வரும்.